அழிக்க முடியாத பேரேடும் புலனாய்வு ஊடகமும்

2009 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் திகதி, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயருக்குப் பின்னால் மறைந்திருந்த ஒருவர், அல்லது ஒரு குழுவினர், பிட்கொயின் என்னும் இலத்திரனியல் நாணயத்தின் கணக்கேட்டில் முதலாவது பக்கத்தைத் திறந்து வைத்தனர். அப்பக்கத்தினுள் அன்றைய லண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகையின் தலைப்பொன்று பொறிக்கப்பட்டிருந்தது. வங்கிகளை அரசாங்கம் இரண்டாவது தடவையாகக் கைதூக்கிவிட வேண்டிய நிலை பற்றிய தலைப்பு அது. அதனைப் பொறித்தமைக்கு அரசியல் காரணம் இருந்திருக்கலாம். ஆனால், அப்பக்கம் அத்திகதிக்கு முன்னர் எழுதப்பட்டிருக்க முடியாது என்பதற்கு ஒரு நாளிதழ் சாட்சியாக நிறுத்தப்பட்டது என்பதே எமது கவனத்துக்குரியது.

அதிலிருந்து ஐந்தாம் நாள், ஜனவரி 8 ஆம் திகதி, ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பின் புறநகரில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி, கண்கள் கட்டப்பட்ட நிர்வாணமான மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியடங்கிய ஒளிப்பதிவொன்றை பிரித்தானியாவின் ‘சனல் 4’ தொலைக்காட்சி ஒளிபரப்பியது. அது போலியானது என்று அன்றைய அரசாங்கம் கூறியது. 2010 ஜனவரியில், ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், தாம் நியமித்த தடயவியல் நிபுணர்களின் முடிவின்படி ஒளிப்பதிவு உண்மையானதாகவே தோன்றுகின்றது என அறிவித்தார். எனினும், விளக்கம் காணப்படாத சில அம்சங்களையும் அவர் ஒளிக்கவில்லை. அவற்றுள் ஒன்று, சம்பவம் ஜனவரியில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்டிருக்க, ஒளிப்பதிவினுள் 2009 ஜூலை 17 என்ற திகதி காணப்பட்டமையாகும்.

இவற்றை ஒன்றோடொன்று நாம் முடிச்சுப் போட முயலவில்லை. ஒரு பதிவு எப்போது உருவானது, அதன் பின்னர் எவராவது அதில் கைவைத்தார்களா என்ற வினா, வல்லரசுகளின் வங்கி விவகாரத்துக்கு மாத்திரமன்றி எமது மண்ணின் மரணங்களுக்கும் உரிய வினா என்பதையே இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம். புளொக்செயின் எனப்படும் பதிவு முறைமையைப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் பயன்படுத்தத் தொடங்கியுள்ளமை பற்றி இன்று எழுத நேர்ந்திருப்பதும் அதனாலேயே.

தொழில்நுட்பச் சொற்களைக் கண்டு வாசகர்கள் மிரள வேண்டியதில்லை. காணிப் பதிவகத்திலுள்ள பதிவேட்டை ஒத்ததொரு பேரேட்டைக் கற்பனை செய்து கொள்வோம். ஆனால், அது ஓர் அலுவலகத்தில் ஒரு பதிவாளரின் மேசையில் இருப்பதில்லை. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் பிரதி உள்ளது. ஒவ்வொரு பக்கமும் முன்னைய பக்கத்தின் முழு உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுக்கப்பட்ட ஓர் எண்ணைத் தன்மேல் தாங்கி நிற்கின்றது. முன்னைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். அதற்குப் பின்வரும் பக்கங்கள் அனைத்தும் பொய்த்துப் போகும். தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டும் வித்தை இங்கு பலிக்காது. அந்த எண்ணை ஹாஷ் என்பர். கைரேகை என்று நாம் விளங்கிக் கொள்ளலாம்.

பத்திரிகையாளனுக்கு இப்பேரேடு இரு விதத்தில் உதவக்கூடும். ஒன்று, பணம் சென்ற வழியைக் காட்டும் மூல ஆவணமாக. மற்றையது, தான் திரட்டிய ஆதாரத்தைப் பாதுகாக்கும் பெட்டகமாக. இவ்விரண்டும் வேறு வேறானவை; ஒன்றின் புகழை மற்றதற்கு ஏற்றிப் பேசுவதனாலேயே இவ்விடயத்தில் பெரும்பாலான குழப்பங்கள் ஏற்படுகின்றன.

முதலாவதை எடுத்துக் கொள்வோம். 2021 ஒக்டோபரில் வெளியான ‘பண்டோரா’ ஆவணங்களில் இலங்கையின் முன்னாள் பிரதி அமைச்சர் ஒருவரினதும் அவரது கணவரினதும் பெயர்கள் இடம்பெற்றமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த விபரங்கள் வெளிவருவதற்கு, வெளிநாட்டுக் கம்பனிகளை அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்குள்ளிருந்து ஒரு கோடியே 19 இலட்சம் ஆவணங்கள் கசிய வேண்டியிருந்தது. கசிவு இல்லையேல் செய்தி இல்லை. புளொக்செயினில் நிலைமை தலைகீழானது. அங்கு எந்தப் பணப்பையிலிருந்து எந்தப் பணப்பைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு சென்றது என்பதனைக் கணினி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். பணப்பையின் சொந்தக்காரர் யார் என்பது மாத்திரமே மறைந்திருக்கின்றது. கம்பனிப் பெயர் தெரிந்தும் கணக்குத் தெரியாதது பழைய உலகம்; கணக்கு முழுவதும் தெரிந்தும் பெயர் தெரியாதது இப்புதிய உலகம் எனலாம்.

2025 பெப்ரவரி 14 ஆம் திகதி மாலை ஆர்ஜென்டீனாவில் நிகழ்ந்ததை இதற்குத் தக்க உதாரணமாகக் கொள்ளலாம். ஜனாதிபதி ஹவியர் மிலெய் தமது எக்ஸ் தளத்தில், நாட்டின் சிறு தொழில் முயற்சிகளுக்கு நிதி திரட்டுவதெனக் கூறப்பட்ட ‘லிப்ரா’ என்ற புதிய நாணயத்தைக் குறிப்பிட்டு ஒரு பதிவினை இட்டார். சற்று நேரத்தில் அதன் விலை ஐந்து டொலரை நெருங்கியது. மொத்தப் பெறுமதி 400 கோடி டொலரையும் தாண்டியது. ஒருசில மணித்தியாலங்களில் அனைத்தும் சரிந்தன. ஜனாதிபதி தமது பதிவினை நீக்கிவிட்டார். விபரம் தெரியாமலே அதனைப் பகிர்ந்ததாகவும் விளக்கமளித்தார்.

பழைய காலமாயின், நீக்கப்பட்ட அறிக்கையோடு விவகாரமும் மங்கிப் போயிருக்கும். ஆனால், பேரேட்டை நீக்க எவராலும் இயலவில்லை. அன்றிரவே தனிப்பட்ட ஆய்வாளர்கள் அதனைப் புரட்டத் தொடங்கினர். நாணயத்தை உருவாக்கியோருடன் தொடர்புடைய சில பணப்பைகள், விலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 10 கோடி 70 இலட்சம் டொலரை உருவியெடுத்திருந்தமை தெரியவந்தது. கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்டோரில் 86 சதவீதமானோர் மொத்தம் 25 கோடி டொலருக்கும் மேல் இழந்தனர் என நான்சன் என்னும் தரவு ஆய்வு நிறுவனம் கணித்தது. இக்கணக்குகளைப் பத்திரிகைகள் வெளியிட்டபோது எவரும் அவற்றைப் போலி எனக் கூற முன்வரவில்லை. பேரேடு பகிரங்கமானது, ஐயுறுவோர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும், இதன் பின்னர் நடந்தவற்றையும் சொல்லியாக வேண்டும். அந்நாட்டின் ஊழல் தடுப்பு அலுவலகம் ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ஒழுக்கநெறியை மீறவில்லை என முடிவு செய்தது. பாராளுமன்ற விசாரணைக் குழுவோ நவம்பரில் அதற்கு மாறான தொனியில் அறிக்கையிட்டது. எவ்வளவு பணம், எந்த நிமிடத்தில், எந்தப் பணப்பைக்குச் சென்றது என்பது முதல் நாளிலேயே தெரிந்திருந்தது. யாருக்கு எது முன்கூட்டியே தெரியும், யார் யாரைச் சந்தித்தார்கள், என்ன பேசினார்கள் என்பவற்றைப் பேரேடு கூறவில்லை. அவற்றை அறிய, தொலைபேசி அழைப்புகளும் சந்திப்புக் குறிப்புகளும் சாட்சிகளுமே தேவைப்பட்டன. அதாவது, பத்திரிகையாளனின் பழைய உழைப்பு தேவைப்பட்டது.

பெயரைக் கண்டறிவதிலும் அப்படியே. அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்பின் பெயரிலான நாணயத்தை அதிகம் வைத்திருந்த 220 பேருக்கு 2025 மே 22 இல் விருந்தளிக்கப்பட்டது. விருந்தினர் பட்டியல் வெளியிடப்படவில்லை. ஆனால், முன்னணியிலிருந்த பணப்பைகள் எந்தப் பரிமாற்று நிலையங்களுடன் தொடர்பு வைத்திருந்தன என்பதை ஆராய்ந்த புளூம்பேர்க் செய்தி நிறுவனம், அவற்றுட் பெரும்பாலானவை வெளிநாட்டவருக்குரியனவாக இருக்கலாம் என எழுதியது. முதலிடத்திலிருந்த ஜஸ்ரின் சன் என்ற கோடீஸ்வரரோ தாமே முன்வந்து அதனை அறிவித்துக் கொண்டார். சில வேளைகளில் தற்பெருமையும் புலனாய்வாளனுக்கு உதவுகின்றது.

அரசாங்க உத்தியோகத்தர்கள் சம்பந்தப்பட்ட ஒரு விவகாரம் எமக்கு மேலும் பொருத்தமானது. ‘சில்க் ரோட்’ எனப்பட்ட சட்டவிரோத இணையச் சந்தையை விசாரித்த அமெரிக்க அதிகாரிகளுள் இருவர், விசாரணையின்போதே பிட்கொயின்களைத் தமதாக்கிக் கொண்டிருந்தனர். ஒருவர் போதைப்பொருள் ஒழிப்பு முகவரகத்தைச் சேர்ந்தவர். மற்றையவர் இரகசியச் சேவையைச் சேர்ந்தவர். விசாரணைக் கோப்புகள் அவர்களது கைகளில் இருந்தன. பேரேடு அவர்களது கைகளில் இருக்கவில்லை. 2015 இல் ஒருவருக்கு 78 மாதங்களும் மற்றையவருக்கு 71 மாதங்களும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. “கோப்பு காணாமற் போய்விட்டது” என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போன ஒரு நாட்டின் வாசகர்களுக்கு இதன் முக்கியத்துவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி எமது வீட்டு வாசலுக்கு வருவோம். மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தமையும், அவர்களுட் சிலர் 2024 இல் மீட்கப்பட்டமையும் நாமறிந்ததே. கணினி வேலை என்று நம்பிச் சென்றவர்கள், உலகின் மறுகோடியிலுள்ள முகமறியாதவர்களை ஏமாற்றும்படி அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். அம்முகாம்களின் வருமானம் பெரும்பாலும் இலத்திரனியல் நாணயமாகவே நகர்கின்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கிரிஃபின், ஏமாற்றப்பட்டோர் வழங்கிய பணப்பை முகவரிகளிலிருந்து ஆரம்பித்து, 2020 ஜனவரி முதல் 2024 பெப்ரவரி வரை 7,500 கோடி டொலருக்கும் மேற்பட்ட தொகை சந்தேகத்துக்கிடமான கணக்குகளைச் சென்றடைந்ததைப் பேரேட்டின் வழியே பின்தொடர்ந்து காட்டினார். கம்போடியாவின் ஹுயோன் குழுமம் 2021 ஓகஸ்டிலிருந்து 2025 ஜனவரி வரை குறைந்தது 400 கோடி டொலரைச் சலவை செய்தது என அமெரிக்கத் திறைசேரி 2025 மே மாதம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு, இத்தகைய பணம் பிரபல பரிமாற்று நிலையங்களுக்குள் எவ்வாறு தொடர்ந்து நுழைகின்றது என்பதைப் பல நாட்டு ஊடகங்களுடன் சேர்ந்து வெளிக்கொணர்ந்தது.

இந்த ஆய்வுகள் அனைத்தினதும் தொடக்கப் புள்ளி ஒன்றே: ஏமாந்தவர் ஒருவர் தமது கைத்தொலைபேசியில் அழிக்காமல் வைத்திருந்த ஒரு முகவரி. எமது செய்தியாளர்கள் ஏமாந்தோரின் கண்ணீரை எழுதுகின்றார்கள், அது தேவையானதே. அதனோடு அந்த நீண்ட எழுத்துவரிசையையும் கேட்டுப் பெறும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

மற்றொன்றையும் இங்கு கூற வேண்டும். இலத்திரனியல் நாணயத்தின் பெயரால் இந்நாட்டில் நடைபெற்ற பிரமிட் திட்டங்கள் பலவற்றின் பெயர்களை, வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை என மத்திய வங்கி வெளியிட்டுள்ளது. ஊரில் மதிப்புக்குரியவர்கள் என நம்பப்பட்டோர் முன்னின்று ஆட்சேர்த்ததால், நகையை அடகு வைத்தும் வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணத்தை எடுத்தும் முதலிட்டவர்கள் உண்டு. இத்தகைய திட்டமொன்றைச் சந்திக்கும் செய்தியாளர் முதலில் கேட்க வேண்டியது, “உங்கள் பேரேடு எங்கே?” என்பதாகும். ‘வன்கொயின்’ என்ற பெயரில் 2014 முதல் உலகளாவிய ரீதியில் சுமார் 400 கோடி டொலர் திரட்டப்பட்ட மோசடியில், உண்மையான புளொக்செயின் எதுவும் இருக்கவேயில்லை. இலக்கங்கள் கணினித் திரையில் ஏறிக்கொண்டேயிருந்தன, அவ்வளவுதான். அதனை நடத்திய ருஜா இக்னடோவா 2017 ஒக்டோபரில் தலைமறைவானார். பேரேடு இல்லை என்ற கண்டுபிடிப்பே அங்கு தலைப்புச் செய்தியாயிற்று.

இரண்டாவது பயன்பாட்டுக்கு, அதாவது பாதுகாப்புப் பெட்டகம் என்ற அம்சத்துக்கு வருவோம். 2018 ஏப்ரலில் பீக்கிங் பல்கலைக்கழக மாணவி ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு முந்திய பாலியல் வன்முறைச் சம்பவமொன்று குறித்துத் தகவல் கோரியமைக்காகத் தாம் நெருக்கப்படுவதை விளக்கி எழுதிய பகிரங்கக் கடிதம், சீன இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. எவரோ ஒருவர் அக்கடிதத்தை எதீரியம் எனப்படும் பேரேட்டில் ஒரு சிறு பணமாற்றத்துடன் இணைத்துவிட்டார். அது இன்றும் அங்குள்ளது. 2021 ஜூன் 24 இல் ஹொங்கொங்கின் ‘அப்பிள் டெய்லி’ தனது இறுதி இதழைப் பத்து இலட்சம் பிரதிகள் அச்சிட்டு மூடப்பட்டபோது, அதன் இணையத்தளமும் மறைந்தது. ஆர்வலர்கள் அதற்கு முன்னரே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆர்வீவ் என்ற புளொக்செயின் சேமிப்பகத்தில் ஏற்றியிருந்தனர்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97 ஆயிரம் நூல்களும் ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் 1981 இல் தீக்கிரையானதைக் கண்ட ஒரு சமூகத்துக்கு, பல்லாயிரம் பிரதிகளாக வாழும் ஏடு என்ற எண்ணம் மனதைத் தொடுவது இயல்பே. 2005 இலிருந்து ‘நூலகம்’ நிறுவனத்தினர் எமது பத்திரிகைகளையும் நூல்களையும் மின்வருடிப் பாதுகாத்து வருகின்றமை பெரும்பணி. அத்தகைய தொகுப்புகளிலுள்ள ஒவ்வொரு பக்கத்தினதும் கைரேகை எண்ணைப் பொதுப் பேரேட்டில் பதிவது செலவு மிக்க காரியமன்று. ஓப்பன் ரைம்ஸ்ராம்ப்ஸ் என்னும் கட்டணமற்ற சேவை, எண்ணற்ற கைரேகைகளை ஒன்றாக்கி பிட்கொயின் பேரேட்டில் பதிந்து தருகின்றது. எந்த நாணயத்தையும் வாங்க வேண்டியதில்லை. மத்திய வங்கியின் எச்சரிக்கைகளுக்குக் குறுக்கே நிற்க வேண்டியதுமில்லை. புளொக்செயினைக் கொண்டு பத்திரிகைத் தொழிலின் வருமானப் பிரச்சினையையே தீர்க்கப் போவதாகப் புறப்பட்ட அமெரிக்காவின் ‘சிவில்’ நிறுவனம், 2018 இல் தனது நாணய விற்பனையில் தோற்று, 2020 இல் மூடப்பட்டது. அந்தக் கனவு வேறு, இந்தச் சிறு பணி வேறு.

ஆனால், கைரேகை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதில் தெளிவு வேண்டும். ஒரு கோப்பு இன்ன நாளில் இருந்தது, அதன் பின்னர் மாற்றப்படவில்லை என்பதை மாத்திரமே அது நிறுவும். அந்நாளுக்கு முன்னர் என்ன நடந்தது என்பதை அது அறியாது. பொய்யான காட்சியைப் பதிந்தால், பொய் திருத்தப்படாமல் பாதுகாக்கப்படும், அவ்வளவே. ‘சனல் 4’ ஒளிப்பதிவின் கைரேகை 2009 ஜனவரியிலேயே எங்கேனும் பதியப்பட்டிருக்குமாயின், ஜூலை 17 என்ற திகதி பற்றிய சர்ச்சை எழுந்திராது. ஆனால், சுட்டவர் யார், சுடப்பட்டவர் யார், கட்டளையிட்டவர் யார் என்ற கேள்விகள் அப்படியே எஞ்சியிருக்கும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷோவா நிலையமும் இணைந்து அமைத்த ஸ்டார்லிங் ஆய்வுகூடம், படம் எடுக்கப்படும் கணத்திலேயே கமராவுக்குள் கையொப்பமிடும் முறையை ராய்ட்டர் நிறுவனத்துடன் பரீட்சித்ததும், உக்ரேனின் கார்கிவ் நகரப் பாடசாலைகள் தாக்கப்பட்டமை பற்றிய ஆதாரங்களை 2022 இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்ற வழக்குத்தொடுநரிடம் இவ்விதம் பதிந்து கையளித்ததும் இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளேயாகும்.

அழியாமை என்பது ஆபத்தாகவும் முடியும். சாட்சியொருவரின் பெயரோ முகமோ தவறுதலாக அப்பேரேட்டில் ஏறினால், ஆசிரியர் மன்னிப்புக் கேட்டும் அதனை இறக்க முடியாது. ஆகையால் கைரேகை எண்ணை மாத்திரம் பதிவதும், மூலத்தைத் தனியே பூட்டி வைப்பதுமே ஏற்ற வழி என்பது எமது கருத்து. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு தொலைபேசி இலக்கம், ஒரு புகைப்படம் என்பனவே மனிதர்களைத் தடுப்புக்காவலுக்கு இட்டுச் சென்றதை மறக்கவியலாது.

பணப்பைக்குப் பெயர் சூட்டுவதிலும் இதே அச்சம் உண்டு. பிட்கொயினின் தந்தை இவரே என 2014 மார்ச்சில் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை முதற்பக்கத்தில் அடையாளங்காட்டிய முதியவர் அதனை அடியோடு மறுத்தார். ஆனால் அதற்குள் செய்தியாளர் கூட்டம் அவரது வீட்டைச் சூழ்ந்துவிட்டது. எமது நாட்டில் இதனிலும் கொடிய அனுபவம் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், குருநாகலில் பணியாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவருக்கு எதிராகச் சிங்கள நாளிதழொன்றின் முதற்பக்கச் செய்தி கிளப்பிய புயலில், அவர் முதலில் கைதானது சந்தேகத்துக்குரிய முறையில் சொத்துச் சேர்த்தார் என்ற காரணத்தின் பேரிலாகும். பின்னர் அவருக்கு நிலுவைச் சம்பளம் வழங்கப்பட்டு, அவர் மீளவும் சேவைக்கு அழைக்கப்பட்டார். இழந்த நற்பெயருக்கு நிலுவை இல்லை. நாளை, நிவாரண நிதிக்கு அனுப்பிய ஒரு சிறு தொகை மூன்று கை மாறி எங்கோ ஒரு தடைசெய்யப்பட்ட முகவரியைச் சேர்ந்ததாக ஒரு வரைபடத்தில் அம்புக்குறி இட்டுக் காட்டப்படலாம். அந்த அம்புக்குறி கணித உண்மை போலவே தோற்றமளிக்கும். தென்னிலங்கை அச்சகமொன்றில் அது எத்தகைய தலைப்பாக உருமாறும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியச் சட்டமும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் இலத்திரனியல் பதிவுகளுக்கு வாயிலைத் திறந்து வைத்துள்ளன. ஆனால், பதிவினை யார், எந்தக் கருவியில், எவ்வாறு பெற்று வைத்திருந்தார் என்பதை ஒரு மனிதர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டிய தேவை நீங்கிவிடவில்லை.

2025 இல் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200 க்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. 1990 இல் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் புதைக்கப்பட்டதாகக் கூறப்படும் மட்டக்களப்பு குருக்கள்மடத்தை அகழ்வதற்கான நீதிமன்ற நடவடிக்கைகளும் அதே ஆண்டில் முன்னெடுக்கப்பட்டன. இவ்விடங்களில் பிரதேசச் செய்தியாளர்கள் எடுத்த படங்கள், வட்ஸ்அப் வழியாகச் சுருங்கியும், முகநூலில் திகதி இழந்தும், பழுதடையும் கைத்தொலைபேசிகளில் முடங்கியும் கிடக்கின்றன. இன்னும் பத்து ஆண்டுகளில் ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று, “இப்படம் இன்ன நாளில் எடுக்கப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்குரிய விடையைப் படம் எடுத்த அன்று மாலையே, மூலக் கோப்பை மாற்றமின்றிப் பிரதி செய்து, அதன் கைரேகையைப் பதிந்து வைப்பதற்கு ஒரு மணித்தியாலமும் செல்லாது. வடக்கு, கிழக்கிலுள்ள ஊடக மன்றங்களும் பல்கலைக்கழகக் கணினித் துறைகளும் இதற்கென ஒரு நாள் பயிற்சியையேனும் சேர்ந்து நடத்தலாம் அல்லவா?